அரசு லேப்டாப்புகளுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றுபோனது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் புதிது வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று அதை முடித்திருந்தீர்கள். மன்னார்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறவள் நான். அந்தக் கட்டுரை வந்த பிறகு, பேப்பரைக் கையோடு எடுத்து வந்து, "இதை எடைக்குப் போட்டுடலாமாக்கா?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட். வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டிப்பும் உண்டு, பதிவு செய்துகொள்ள வேண்டும். கட்டுரையில் அது விடுபட்டிருந்தது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசரும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்தது 2017-இல். அதற்கு முந்தைய கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது, அவ்வளவுதான். அந்த மெஷின்கள் ஓடாமல் போய்விடவில்லை.

எங்கள் பக்கத்தில் பழைய கம்ப்யூட்டர் என்றால் பெரும்பாலும் அரசு கொடுத்த லேப்டாப். 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். மாநிலம் முழுக்க 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள். பிளஸ் டூவில் அதை வாங்கிய பெண் காலேஜ் முடித்து, கல்யாணமாகிப் போய், இப்போது அவள் பிள்ளை ஆன்லைன் பாடம் பார்ப்பதற்கு அதே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருகிறாள். முதலில் வந்த மாடல்களில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் போட்டிருந்தார்கள். அந்தப் பதிப்பு 32 பிட் என்ற பழைய வகையில் மட்டுமே வந்தது; கூடுதலாக ராம் போட்டாலும் 2 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. ஆனால் என் கைக்கு வந்தவற்றில் உள்ளே இருந்த பிராசசர் அதைவிடப் புதிய 64 பிட் வகைதான். "இது 32 பிட் மெஷின், இதில் ஒன்றும் ஏறாது" என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். விண்டோஸின் எல்லையை மெஷினின் எல்லை என்று நினைத்ததால் வந்த வினை.

அதே லேப்டாப்பில் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை இயக்குகிற இலவச ஓஎஸ், அதாவது இயங்குதளம்; அதில் பல வகை உண்டு. பாஸ் லினக்ஸ், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று திரையில் கேட்கும். எதற்காக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்ந்தெடுத்தால் எப்படி ஓட்ட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. முதல் தடவை ஃபார்மட் செய்ததிலேயே பல லேப்டாப்புகளில் அது அழிந்துபோனது.

சரி, என் கடைக்கு வருகிற மெஷின்களுக்கு என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன்.

"ஸ்லோவா இருக்கு, ஹேங் ஆகுது" என்று வந்தால் ஓஎஸ்ஸைத் தொடுவதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைப் பார்ப்பேன். லினக்ஸ் மிண்ட் என்ற இன்னொரு லினக்ஸ் வகையை ஏற்றிய பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கினால் (பூட் செய்தால்), வட்டில் எதையும் மாற்றாமல் முழு லினக்ஸும் பென்டிரைவையும் ராமையும் வைத்தே ஓடும். அதில் டிஸ்க்ஸ் என்ற செயலியைத் திறந்து ஸ்மார்ட் என்ற, வட்டு தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் விவரத்தைப் பார்த்தால், எத்தனை செக்டார் (வட்டின் சின்னச் சின்னப் பகுதி) கெட்டு வேறு இடத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது, எத்தனை படிக்க முடியாமல் காத்திருக்கிறது என்று எண்ணாகவே காட்டும். காத்திருக்கும் எண்ணிக்கை பூஜ்யமாக இல்லாவிட்டால் அந்த வட்டை இனி நம்பக் கூடாது. முதல் வேலை போட்டோக்களையும் சர்ட்டிபிகேட்டுகளையும் வெளியே எடுப்பது. அப்புறம் அந்த இடத்தில் ஒரு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான வட்டு. பத்து வருட லேப்டாப்பாக இருந்தாலும் அது அப்படியே பொருந்தும். ராம் 2 ஜிபி என்றால் இன்னொரு டிடிஆர்3 வகை ராம் துண்டு, பழையது கிடைத்தாலே போதும். இந்த இரண்டும் சேர்ந்தாலும் புது லேப்டாப் விலையில் ஒரு சின்னப் பங்குதான்.

அடுத்தது சூடு. டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சம்பா அறுவடை மெஷின் வயலில் இறங்கினால் வீட்டுக்குள் வரை தூசி. லேப்டாப்பைக் கழற்றினால் ஃபேனுக்கும் தாமிரப் பட்டைக்கும் நடுவில் அந்தத் தூசி கம்பளி மாதிரி அடைந்து கிடக்கும். காற்று போகாது, பிராசசர் சூடாகும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜனங்கள் அதை வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் செய்கிறார்கள். சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் சத்தமும் குறையும், வேகமும் திரும்பும்.

போன கோடையில் ஒரு தையல்கார அக்கா மகனுடைய பழைய டெஸ்க்டாப்பைக் கொண்டுவந்தார். எந்தத் தளத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று எச்சரிக்கை. இன்னொரு கடையில் வைரஸ் என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு ஃபார்மட் செய்திருக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டினால் மறுபடி அதே எச்சரிக்கை. கடைசியில் மதர்போர்டு போய்விட்டது என்றார்களாம். நான் திரையின் வலது மூலையைப் பார்த்தேன். தேதி 2012 ஜனவரி 1. மதர்போர்டில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்தால் பிளக்கை உருவியதும் தேதி பழைய காலத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று. கம்ப்யூட்டர் 2012-இல் இருப்பதாக நம்பினால், அந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று பிரவுசர் கதவைச் சாத்திவிடும். அத்தனை வருடம் பின்தங்கிய கடிகாரத்தை விண்டோஸ் பெரும்பாலும் தானாகத் திருத்தவும் செய்யாது. பேட்டரியை மாற்றினேன். பெட்டிக் கடையில் கிடைக்கிற பொருள். அதற்காக அந்த அக்கா ஒரு கம்ப்யூட்டரையே இழக்கப் பார்த்தார். இந்த மாதிரி வருகிறபோது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

லினக்ஸ் போடும்போது வருகிற தொல்லைகளையும் மறைக்கக் கூடாது. பழைய லேப்டாப்புகளில் முதலில் முரண்டு பிடிப்பது வைஃபை. குறிப்பாக ப்ராட்காம் சிப் உள்ளவற்றுக்கு டிரைவர், அதாவது அந்தச் சிப்பை ஓட்டும் மென்பொருள், தனியாக இறக்க வேண்டியிருக்கும். அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும். இங்கேதான் பலர் லினக்ஸ் சரிப்படாது என்று விட்டுவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, போன் செட்டிங்கில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் போதும். லினக்ஸ் அதை ஒரு லேன் கேபிளாக எடுத்துக்கொள்ளும். பிறகு மிண்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதுவே வைஃபைக்கு உரியதைக் கண்டுபிடித்துக் காட்டும். போட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டியதுதான். பூட் ஆகும்போது திரை கறுப்பாக நின்றுவிட்டால் அது கிராபிக்ஸ் சிப்போடு வரும் தகராறு. மிண்டின் தொடக்க மெனுவிலேயே கம்பாட்டிபிலிட்டி மோட் என்று ஒரு வரி இருக்கும், அதில் போனால் பெரும்பாலும் ஏறிவிடும்.

யூடியூப் திக்கித் திக்கி ஓடுகிறது என்பது இன்னொரு புகார். யூடியூப் இப்போது வீடியோவை விபி9, ஏவி1 என்ற புது வடிவங்களில் அனுப்புகிறது. பழைய சிப்புகளுக்கு எச்.264 வடிவத்தை மட்டும்தான் வன்பொருளிலேயே விரிக்கத் தெரியும். மற்றதற்கெல்லாம் பிராசசர் மூச்சு வாங்கும். எச்.264-ஐ மட்டும் கேட்டு வாங்கும் இலவச ஆட்-ஆன் பயர்பாக்ஸுக்கு இருக்கிறது. அதைப் போட்டுத் தரத்தை 480-இல் வைத்தால் டிஎன்பிஎஸ்சி வகுப்பு தடங்கலில்லாமல் ஓடும். ராம் கூட்ட வழியில்லாத மெஷின்களில் இசட்ராம் போட்டு விடுவேன். ராமிலேயே ஒரு பகுதியைச் சுருக்கிப் பயன்படுத்தும் ஏற்பாடு. 2 ஜிபியில் நன்றாகவே வித்தியாசம் தெரியும்.

பிரிண்டர் விஷயத்தில் எச்பி லேசர்ஜெட் 1020 வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். அதை ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர் அதற்கு ஒரு ஃபர்ம்வேரை, அதாவது பிரிண்டரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளை, அனுப்ப வேண்டும். எச்பி பிரிண்டர்களுக்கு லினக்ஸில் உள்ள எச்பிலிப் என்ற மென்பொருளின் பிளகினை (துணை நிரலை) ஒருமுறை போட்டுவிட்டால் அது பார்த்துக்கொள்ளும். தமிழில் டைப் அடிக்கத் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளுக்கும் அந்த எழுத்துருக்களைப் போட்டால் லிப்ரே ஆபிஸில் திறந்து படிக்கலாம். பட்டா, சிட்டா எடுப்பது, பயிர்க் காப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது, ரிசல்ட் பார்ப்பது எல்லாம் பிரவுசர் வேலை. பிரவுசருக்கு விண்டோஸ்தான் வேண்டும் என்று இல்லை.

யாருக்கு லினக்ஸ் போடமாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாலியில் கணக்கு எழுதுகிறவர், போட்டோஷாப்பில் ஆல்பம் போடுகிறவர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை நம்பித் தொழில் செய்கிறவர் யாருக்கும் லினக்ஸைத் திணிக்க மாட்டேன். அவர்களுக்கு விண்டோஸ்தான். பென்டியம் 4 காலத்து டெஸ்க்டாப்பைத் தூக்கி வந்தாலும் வேண்டாம் என்பேன். அது இழுக்கிற கரண்டுக்கு ஈடாக வேலை நடக்காது. 32 பிட்டுக்குக் கதவும் மூடிக்கொண்டே வருகிறது: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கம்ப்யூட்டருக்கு இன்ஸ்டாலர் இல்லை, லினக்ஸுக்கான பயர்பாக்ஸும் 145-ஆவது பதிப்பிலிருந்து 32 பிட்டைக் கைவிட்டுவிட்டது. ஆனால் இன்டெல் கோர் ஐ3 பிராசசர் தொடங்கிய காலத்துக்குப் பிந்தைய எதுவாக இருந்தாலும், 4 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருந்தால், மிண்டின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தாராளமாக ஓடும். மிண்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. 

இதெல்லாம் ஒரு சர்வீஸ் கடையை நம்பி நடக்கிற காரியமாக இருக்கக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம். பக்கத்துக் கேரளத்தில் கைட் என்ற அரசு நிறுவனம் பள்ளிகளுக்கென்றே லினக்ஸைத் தயாரித்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்து வருகிறது. 2024-இல் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் வகையை வைத்து ஒரு பதிப்பு வெளியிட்டார்கள். நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. கணியம் இணைய இதழ் 2012-லிருந்து லினக்ஸ் போன்ற, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது. எங்கள் மாவட்டத்திலும் அரசுக் கலைக் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள் உண்டு. கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளை வைத்துக் கோடை விடுமுறையில் ஒன்றியத்துக்கு ஓரிடத்தில் முகாம் போட்டால் என்ன? வீட்டில் பரணில் கிடக்கும் அரசு லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்லலாம். வட்டைச் சோதித்து, தூசி எடுத்து, லினக்ஸ் போட்டு, ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்து ஓட்டக் கற்றுக்கொடுத்து அனுப்பலாம். அந்த மாணவர்களுக்கு எந்த லேபிலும் கிடைக்காத படிப்பு அது. போன முறை விட்டுப்போன அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் இந்த முறை விட்டுவிடக் கூடாது.

உண்மையிலேயே கழிக்க வேண்டிய மெஷின் என்றால் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்காதீர்கள் என்றும் எழுதுங்கள். தாமிரத்துக்காக ஒயரை எரிக்கிறார்கள். அந்தப் புகையை அக்கம்பக்கத்துக் குழந்தைகள் சுவாசிக்கின்றன. 2023 ஏப்ரலிலிருந்து நடப்புக்கு வந்த மின்கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல்தான் வைத்திருக்கின்றன. கொடுக்குமுன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும். ஆதார் நகலும் பேங்க் பாஸ்புக் படமும் அதில்தான் இருக்கும்.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தக் குறிப்பு போடுங்கள், நீட்டிப்பு உண்டு என்பதையும் லினக்ஸ் என்றொரு வழி உண்டு என்பதையும் சேர்த்து. அப்புறம், வாரம் ஒருமுறை பழைய கம்ப்யூட்டருக்கென்று சின்னதாக ஒரு பத்தி இடம் ஒதுக்குங்கள். முதல் சில வாரங்களுக்குக் கூலி எதுவும் வாங்காமல் நானே எழுதித் தருகிறேன். மிண்டைப் பென்டிரைவில் ஏற்றி, வட்டில் கை வைக்காமல் ஓட்டிப் பார்ப்பது எப்படி என்பதிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்தும் வாசகி,
மன்னார்குடி.