அந்தப் பொத்தானைத் தனியாகக் கொடுங்கள்: காருக்கு மென்பொருள் எழுதும் தமிழ்ப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து ஐரோப்பியக் கார்களின் இன்ஜினுக்கும் பிரேக்குக்கும் நிரல் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஸ்டுட்கார்ட் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கியரைக் குறைக்கும்போது தானே ஆக்சிலேட்டர் கொடுக்கும் வசதியை அணைக்கத் தனிப் பொத்தான் கேட்டு, என் காரைச் செய்த கம்பெனிக்கு ஜெர்மனில் மூன்று கடிதம் போட்டுவிட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில், தேதி மட்டும் வேறு: வண்டி அதற்கென வகுத்தபடியேதான் ஓடுகிறதாம். எந்தக் கம்பெனி என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த நிரலை எழுதியவரோ சோதித்தவரோ உங்களில் ஒருவராக இருக்கலாம். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

ரெவ் மேட்சிங், அதாவது கியரைக் குறைக்கும்போது புதிய கியருக்கு ஏற்றபடி இன்ஜின் சுற்றை ஏற்றிவிடுவது, என்னவென்று உங்களுக்கு விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். நேராக விஷயத்துக்கு வருகிறேன். மேனுவல் கியர் என்று கேட்டு, ஆறு மாதம் காத்திருந்து வாங்கிய கார். ஸ்போர்ட் மோடில் போட்டால், கியரைக் குறைக்கும்போதெல்லாம் ஆக்சிலேட்டரை அதுவே மிதித்துக்கொள்கிறது. அதை நிறுத்த மெனுவில் இடமில்லை, பொத்தானும் இல்லை. ஒரே வழி, ஈ.எஸ்.பி.யை, அதாவது வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பை, முழுசாக அணைப்பது. மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் மஞ்சள் விளக்கு எரியும். அதன்பின் ஆக்சிலேட்டர் என் காலுக்கு வரும், கூடவே வண்டி சறுக்கினால் பிடித்து நிறுத்த ஆளும் இருக்காது.

நார்மல் மோடில் ஓட்டு என்பீர்கள். ஓட்டிப் பார்த்தேன். அதில் ரெவ் மேட்சிங் தலையிடாது, உண்மைதான். ஆனால் ஆக்சிலேட்டர் அரைத் தூக்கத்தில் இருக்கிறது. பிரேக்கில் பாதத்தை வைத்துப் பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டினால் இன்ஜின் யோசித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறது. மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 4000 சுற்றில் போகிறேன் என்றால், இரண்டாவதுக்கு வரும்போது ஏறக்குறைய 5600 வேண்டும். கிளட்ச் உள்ளே இருக்கும் அந்த அரை விநாடியில் அது ஏறவேண்டும். நார்மலில் ஏறுவதில்லை.

போன அக்டோபரில் நாமக்கல்லிலிருந்து என் மாமா வந்திருந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், அதில் முதல் பத்து வருஷம் சிங்க்ரோமெஷ் (கியர் பற்களின் வேகத்தைத் தானே இணைக்கும் அமைப்பு) இல்லாத கியர்பாக்ஸ். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துக் கியர் போடவேண்டும். டபுள் கிளட்ச். கணக்குத் தப்பினால் பல் உரசும் சத்தம் ஊருக்கே கேட்கும், கிளீனர் பையன் சிரிப்பான். தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிவிட்டு, கடைசியில் பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளை எத்தனையோ பார்த்திருக்கிறார். ஒருநாளும் தான் அப்படி இறக்கியதில்லை என்பது அவருக்கு இன்றுவரை பெருமை.

அவரை பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் போகும் பி500 மலைச்சாலையில் கூட்டிப்போனேன். முதல் வளைவில் பிரேக் பிடித்து மூன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளினேன். இன்ஜின் 'வ்ரூம்' என்று ஏறி இறங்கியது. மாமா குனிந்து என் காலைப் பார்த்தார்.

"மாப்ள, ஆக்சிலேட்டர யாரு மிதிச்சா? உன்ற காலு பிரேக்குலதான இருக்குது?"

கம்ப்யூட்டர் மிதித்தது என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வளைவிலும் குனிந்து பார்த்தார். அதற்கடுத்த வளைவில், "அப்பறம் நீ எதுக்கு?" என்று கேட்டார்.

ரோஷம்தான், ஒத்துக்கொள்கிறேன். மும்மெல்ஸே ஏரியைத் தாண்டி வண்டியை ஓரங்கட்டி, ஈ.எஸ்.பி.யை அணைத்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது, தார்ச்சாலை முழுக்க ஈர இலை. நான்கு வளைவு சரியாக வந்தது. மாமா தலையாட்டினார். ஐந்தாவதில் தட்டு கொஞ்சம் குறைந்துபோனது, கிளட்சை விட்டதும் பின்சக்கரங்கள் இறுகி வண்டியின் பின்பக்கம் வெளியே நழுவியது. ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளித்து நிமிர்த்துவதற்குள் நடுக்கோட்டைத் தாண்டி அரை வண்டி எதிர்ப்பக்கம் போயிருந்தது. எதிரே யாரும் வரவில்லை. மாமா கைப்பிடியை விடவேயில்லை, ஃப்ராய்டன்ஷ்டாட் வரை பேசவும் இல்லை.

தப்பு என் கால் மேல். அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தப்பைத் தாங்கிப்பிடிக்கத்தானே ஈ.எஸ்.பி. இருக்கிறது? 1995-ல் மெர்சிடிஸின் பெரிய காரில் முதலில் வந்தது. 2014 நவம்பரிலிருந்து ஐரோப்பாவில் பதிவாகும் எந்தப் புதிய காரிலும் கட்டாயம். உயிர் காக்கும் என்று சட்டம் போட்டுக் கட்டாயமாக்கிய சாதனத்தை அணைத்தால்தான் என் காரின் ஆக்சிலேட்டரை நானே மிதிக்க முடியும் என்று எந்தக் கூட்டத்தில், யார் முடிவு செய்தார்கள்? அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கையைத் தூக்கவில்லையா?

இந்த ரெவ் மேட்சிங்கையே வேண்டாமென்று சொல்கிறேன் என நினைக்கவேண்டாம். நல்ல வேலைப்பாடு. கியர் குச்சி எந்தப் பக்கம் நகர்கிறது என்று சென்சார் சொன்ன கணமே, கியர் விழுவதற்குள் சுற்றைச் சரியாக ஏற்றிவிடுகிறது. அலுவலகம் விட்டுக் களைத்து வரும்போது நானே அதை நம்பித்தான் வருகிறேன். என் மனைவிக்கு ரொம்பப் பிடிக்கும். கேட்பது ஒன்றே ஒன்று: அதற்குத் தனியாக ஒரு பொத்தான்.

முடியாத காரியமா? 2009-லேயே நிஸான் 370ஸீ காரில் கியர் குச்சிக்குப் பக்கத்தில் 'எஸ்' என்று ஒரு பொத்தான் வைத்துவிட்டார்கள். அழுத்தினால் ரெவ் மேட்சிங் உண்டு, மறுபடி அழுத்தினால் இல்லை. கார்வெட்டின் 2014 மாடலில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்பு மாதிரியான பட்டையைத் தட்டினால் போதும். ஹூண்டாயின் 'ஐ30 என்' (i30 N) மாடலின் ஸ்டியரிங்கில் இதற்கென்றே ஒரு பொத்தான். போர்ஷேயின் 718 கேமேன் ஜிடி4-ல் 'ஆட்டோ பிளிப்' என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். இவர்கள் யாரும் ஈ.எஸ்.பி.யைப் பணயம் கேட்கவில்லை.

பேச ஆரம்பித்துவிட்டேன், கிளட்சையும் சொல்லிவிடுகிறேன். பெடலுக்கு மேலே உதவி ஸ்பிரிங் போட்டு அதைப் பஞ்சு மாதிரி ஆக்கிவிட்டீர்கள். பாதி தூரம் வரை கனமே இல்லை, அதற்குப் பிறகு தானாகவே உள்ளே போகிறது. கிளட்ச் பிடிக்கும் இடம் எது என்று உள்ளங்காலுக்குத் தெரியவேண்டாமா? அது போதாதென்று ஹைட்ராலிக் குழாயில் எண்ணெய் திரும்புவதை மட்டுப்படுத்த ஒரு அடைப்பு. நான் பெடலைச் சட்டென்று விட்டாலும் கிளட்ச் ஆற அமரத்தான் பிடிக்கிறது. ஆக்சிலேட்டரை விட்டால் சுற்று உடனே இறங்காது, புகைக் கணக்குக்காகக் கொஞ்ச நேரம் தொங்குகிறது. இன்ஜின் சத்தத்தில் பாதி ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. இந்த வேகத்தில் போனால் அடுத்த மாடலில் கியர் குச்சியும் படம்தான், திரையில் தொட்டு விளையாடலாம்.

மன்னிக்கவும். கிளட்ச் உங்கள் மேசை இல்லை, அது தெரியும். பொத்தானுக்கு வருகிறேன்.

"ரெக்வயர்மென்ட் அங்கிருந்துதான் வரும், நாங்கள் சொன்னதை எழுதுகிறோம்" என்பீர்கள். நானும் அந்தத் தொழிலில்தான் சோறு தின்கிறேன், தெரியாதா. ஆனால் ரெக்வயர்மென்ட் வந்த பிறகு ரிவ்யூ என்று ஒன்று நடக்கிறதல்லவா? ஈ.எஸ்.பி. முழுதாக அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரெவ் மேட்சிங்கை நிறுத்தும் அந்த 'இஃப்' வரி உங்கள் திரையில் வந்திருக்கும். அடுத்த முறை வரும்போது, இந்த இரண்டையும் எதற்காக முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள் என்று ஒரு கமென்ட் எழுதுங்கள். ஒருவர் எழுதினால் மூடிவிடுவார்கள். நான்கைந்து பேர் எழுதினால் யாராவது பதில் சொல்லியாகவேண்டும்.

என் கார் ஏற்கனவே சாலைக்கு வந்துவிட்டது, அதற்குச் சோதனை, அனுமதி என்று செலவாகும் என்றால், அடுத்த மென்பொருள் அப்டேட்டோடு சேர்த்து மெனுவில் ஒரு வரியாவது கொடுங்கள். ஈ.எஸ்.பி. இருக்கட்டும், ரெவ் மேட்சிங் மட்டும் அணையட்டும். தயவுசெய்து.

அன்புடன்,
மேனுவல் கார் என்று நம்பி வாங்கிய ஒருவன்

பி.கு.: பொத்தான் வைக்க இடமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஸ்டியரிங்கில் காரோடு பேசுவதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. இதுவரை இரண்டு முறை அழுத்தியிருக்கிறேன், இரண்டும் கை தவறி.