மொட்டை மாடி சாவிய குடுங்க: எங்க அபார்ட்மெண்ட் அசோசியேஷனுக்கு ஒரு திறந்த மடல்

பிரசிடெண்ட் சாருக்கும் செக்ரட்டரி மேடத்துக்கும் கமிட்டில இருக்கற எல்லா அங்கிள் ஆன்ட்டிக்கும் வணக்கம்.

இத நம்ம வாட்ஸ்அப் குரூப்லயே போட்டிருக்கலாம், ஆனா அங்க போட்டா சாயங்காலத்துக்குள்ள மேல போயிடும், அதுவும் இல்லாம இது நம்ம ஒரு அபார்ட்மெண்ட் விஷயம் மட்டும் இல்ல, சென்னை ஓஎம்ஆர் ரோட்டுல வேற அபார்ட்மெண்ட்ல இருக்கற ஃப்ரெண்ட்ஸ் கிட்ட பேசினாலும் இதே கதை தான் சொல்றாங்க, அதனால எல்லாரும் படிக்கற மாதிரி இங்க எழுதறேன்.

குப்பை, தண்ணி, கரண்ட் வீணாகாம பாத்துக்கலாம்னு போன மீட்டிங்ல நாங்க கேட்டப்போ ஒரு அங்கிள் சொன்னாரு, "முதல்ல உங்க வீட்டுக்குள்ள பண்ணுங்க, அப்புறம் அசோசியேஷன் கிட்ட வாங்க"ன்னு. நியாயமான பேச்சு தான். நாங்களும் வீட்டுக்குள்ள பண்ணிட்டு தான் வந்து நிக்கறோம். வாசப்படி தாண்டினா எல்லாமே உங்க ரூல்ஸ், அங்க தான் எங்களால ஒரு அடி நகர முடியல.

குப்பையவே எடுத்துக்கோங்க. நம்ம பிளாக்ல வேலைக்கு போறவங்க, காலேஜ் படிக்கறவங்கன்னு கொஞ்ச பேர் வீட்டு பால்கனில உரம் போடறோம். பெருசா ஒன்னும் செலவில்ல, பழைய 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட், சுத்தி டிரில்ல ஓட்டை, அடியில காஞ்ச இலை, அது மேல அன்னன்னைக்கு நறுக்கின காய் தோல், வாழப்பழ தோல், டீத்தூள், அது மேல ஒரு பிடி கோகோபீட் (தேங்கா நார் தூள்), அப்பப்போ கொஞ்சம் புளிச்ச மோர் தெளிச்சு கிளறி விடணும், அவ்ளோதான். ஈரம் ஜாஸ்தி ஆனா தான் நாறும், இன்னும் ரெண்டு கை காஞ்ச இலை போட்டா சரியாயிடும். ரெண்டு மாசத்துல கருகருன்னு உரம் ரெடி. இதுல பெரிய லாபம் உரம் கூட இல்லைங்க. ஈரக்குப்பை தனியா போயிட்டா மிச்ச குப்பை நாறவே நாறாது, பால் பாக்கெட், அட்டப்பெட்டி, ஷாம்பு பாட்டில் எல்லாம் அலசி காய வெச்சா ஒரு வாரம் கூட வீட்டுலயே வெச்சிருக்கலாம், தினமும் குப்பை எடுக்க ஆள் வரலைன்னு சண்டையே வேணாம்.

ஆனா இப்படி பிரிச்சு வெச்சது கீழ இறங்கினதும் என்ன ஆகுதுன்னு ஒரு நாள் காலைல 7 மணிக்கு கேட் பக்கம் வந்து நின்னு பாருங்க. எல்லா வீட்டு குப்பையும் ஒரே ட்ரம்ல கொட்டுது. க்ளீனிங்குக்கு வர்ற அக்கா குனிஞ்சு வெறுங்கையால சாம்பார் ஊறின கவர பிரிச்சு, உள்ளருந்து பால் பாக்கெட்டையும் பாட்டிலையும் பொறுக்கி சாக்குல போடறாங்க, பழைய பேப்பர் கடைல போட்டா அவங்களுக்கு கொஞ்சம் காசு வரும்னு. அதே கவர்ல யூஸ் பண்ண நாப்கின் இருக்கு, பிளேடு இருக்கு, உடஞ்ச பல்பு இருக்கு. நம்ம வீட்டு ஆளுங்க யாராவது அதுல கை விடுவாங்களா? மூணு ட்ரம் வாங்கி வெச்சு, பிரிக்காத கவர வாங்க வேணாம்னு அந்த அக்காவுக்கு அசோசியேஷன் சார்பா நீங்க அதிகாரம் குடுத்தா போதும், ஒரே மாசத்துல இது மாறும்.

இது நாங்களா கெளப்பின புது விஷயமும் இல்ல. 2016லயே மத்திய அரசோட திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்தாச்சு. 5000 சதுர மீட்டருக்கு மேல இருக்கற குடியிருப்பு வளாகம்லாம் குப்பைய பிரிக்கணும், ஈரக்குப்பைய முடிஞ்ச வரைக்கும் வளாகத்துக்குள்ளயே உரமாவோ கேஸாவோ மாத்தணும், அதுக்கு ஒரு வருஷம் தான் டைம்னு அதுலயே தெளிவா சொல்லியிருந்தாங்க. நம்ம வளாகம் அந்த அளவ எப்பவோ தாண்டினது. 2022 ஏப்ரல் கடைசில பெருங்குடி குப்பை கிடங்கு பத்தி எரிஞ்சப்போ ஜன்னல அடைச்சிட்டு உக்காந்திருந்தோமே, ஞாபகம் இருக்கா? ஈரக்குப்பை அடியில காத்து இல்லாம அழுகினா மீத்தேன் வரும், அது எரியற வாயு, அதனால தான் இந்த மாதிரி கிடங்குல தீ புடிச்சா லேசுல அணையாது. அந்த கிடங்கு இருக்கறது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல, அதே 2022ல தான் அந்த சதுப்பு நிலத்துக்கு ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலம்ங்கற அங்கீகாரம் கெடச்சுது. நம்ம வீட்டு வாழப்பழ தோல் அங்க போய் சேர வேண்டிய அவசியமே இல்ல.

அப்புறம் இலை. ஜெனரேட்டர் ரூமுக்கு பின்னாடி வாட்ச்மேன் அண்ணா சருகு எல்லாத்தையும் கூட்டி கொளுத்தறாரு, கேட்டா மேல இருந்து சொல்லியிருக்காங்கன்றாரு. நாங்க உரத்துக்கு காஞ்ச இலை கெடைக்காம பார்க்ல போய் பொறுக்கிட்டு வரோம், இங்க அத எரிச்சு புகைய குழந்தைங்க வெளயாடற இடத்துக்கு அனுப்பறோம். அந்த எடத்துல கம்பி வலை அடிச்சு ஒரு தொட்டி கட்டினா சருகும் அங்கயே போகும், எல்லா வீட்டு ஈரக்குப்பையும் அங்கயே போகும்.

மொட்டை மாடி விஷயம் தான் எனக்கு ரொம்ப மனசு ஆறல. சென்னை வெயில்ல ரெண்டு மணி நேரத்துல காயற துணிய, பால்கனில போட்டா பில்டிங் லுக் கெடுதுன்னு ஃபைன், மாடில போடலாம்னா பூட்டு. வேற வழி இல்லாம பக்கத்து வீட்டு ஆன்ட்டி டிரையர் வாங்கிட்டாங்க, தெனமும் கரண்ட்டுல துணி காயுது. மாடிக்கு போக சேஃப்டி பயம்னா கைப்பிடி சுவர் உயரத்த ஏத்துங்க, நேரம் வெச்சு திறங்க, சாவிக்கு ரெஜிஸ்டர் போடுங்க, ஒத்துக்கறோம்.

சைக்கிள பத்தி ஒரே வரி: ரெண்டாவது காருக்கு கெடைக்கற எடத்துல ஆறு சைக்கிள் நிக்கும், ஒரு ஸ்டாண்ட் போடுங்க.

நீங்க மாறவே மாட்டீங்கன்னு நாங்க நினைக்கல. 2003ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு தமிழ்நாட்டுல சட்டம் வந்தப்போ எங்கள்ல பாதி பேரு கைக்குழந்தை, மீதி பேரு பொறக்கவே இல்ல. மாம்பலத்துலயும் அடையார்லயும் அப்போ நீங்க இருந்த வீட்டு மாடில இருந்து பைப் எறக்கி கெணத்துக்கு விட்டது நீங்க தான், அதுக்கப்புறம் கெணத்துல தண்ணி ஏறின கதைய எங்களுக்கு சொன்னதும் நீங்க தான். ஒவ்வொருத்தரா மனசு மாறட்டும்னு விட்டிருந்தா அது நடந்திருக்காது, எல்லாருக்கும் ஒரே ரூல்னு வந்ததால நடந்துச்சு. 2019 தண்ணி பஞ்சத்துல ஜோலார்பேட்டைல இருந்து சென்னைக்கு ரயில்ல தண்ணி வந்தப்போ நம்ம தண்ணி லாரிக்கு எவ்ளோ குடுத்தோம்னு அசோசியேஷன் கணக்கு நோட்டுலயே இருக்கும். இன்னைக்கும் ஆர்ஓ மெஷின்ல ஒரு லிட்டர் குடிக்க எடுத்தா அத விட அதிகமா சாக்கடைக்கு போகுது, எங்க வீட்டுல பக்கெட்ல புடிச்சு தரை தொடைக்கறோம், ஆனா கிளப் ஹவுஸ் ஆர்ஓ பைப் நேரா சாக்கடைல விட்டிருக்கு. ஒரு பிளம்பர் அரை நாள்ல அத ஒரு ட்ரம்முக்கு திருப்பி விடலாம், பார்க்கிங் கழுவ ஆகும்.

பொங்கலுக்கு எல்லாரும் சேர்ந்து சாப்பிடறோமே, அங்க பிளாஸ்டிக் கோட்டிங் போட்ட பேப்பர் தட்டும் கப்பும் வேணாம், 2019 ஜனவரி 1ல இருந்தே தமிழ்நாட்டுல அதுக்கு தடை. வாழை இலை போடலாம், டம்ளர அவங்கவங்க வீட்டுல இருந்து எடுத்துட்டு வர சொல்லலாம். பரிமாறவும் எடுக்கவும் நாங்க இருக்கோம்.

வேலை செய்ய ஆள் இல்லைன்னு சொல்லிடாதீங்க. தொட்டி கிளற, வீடு வீடா போய் பிரிக்க சொல்லிக்குடுக்க, ட்ரம்முக்கு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ஹிந்திலயும் போர்டு எழுத, எல்லாத்துக்கும் எங்க பேர குறிச்சுக்கோங்க. முதல் ஆறு மாசம் கேட்ல யாராவது ஒருத்தர் காலைல நிக்கறோம். உங்ககிட்ட கேக்கறது மூணு ட்ரம், ஜெனரேட்டர் ரூம் பின்னாடி எடம், மாடி சாவி, சைக்கிள் ஸ்டாண்ட், அந்த ஆர்ஓ பைப். இத எல்லாம் வர்ற ஜெனரல் பாடி மீட்டிங் அஜெண்டால சேருங்க, கடைசில "இதர விஷயங்கள்"ல போடாம மெயின்டெனன்ஸ் கணக்குக்கு முன்னாடி போடுங்க, ஏன்னா கணக்கு முடிஞ்சதும் பாதி பேர் எழுந்து போயிடறாங்க.

இப்படிக்கு,
பி பிளாக், சி பிளாக் பசங்க எல்லார் சார்பாவும்