இட்டேரிக்கு ஜேசிபி வந்தாச்சு

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். சின்னவனுக்குப் பொள்ளாச்சியில் வேலை கிடைத்துவிட்டது. இதைப் போனில் சொன்னால் நீ பாதியிலேயே ‘சரி சரி’ என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

தோட்டத்து வேலிகளுக்கு நடுவே போகிற நம்ம இட்டேரியை அகலப்படுத்தித் தார் போடுகிறார்கள். ஜேசிபி வந்து கீழ்ப்புறத்துக் கிளுவை வேலி முழுக்கப் போயிற்று. நாம் கோவைப்பழம் பறித்த இடம், மணி கௌதாரிக்குக் கண்ணி வைத்து அவங்கப்பாவிடம் அடி வாங்கிய இடம், எல்லாம் வெறும் செம்மண். வேர்களைக் குவித்துத் தீ வைத்திருந்தார்கள். பச்சை வேர், எரியவும் இல்லை, புகைந்துகொண்டே கிடந்தது.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் தேங்காய் ஏற்ற கோவில்பட்டி லாரி ஒன்று வந்தது. டிரைவர் போனில், “அண்ணாச்சி, விலக்குல நிக்கேன், எப்படி வரணும்?” என்றார். “அந்தப் பிரிவுலயே மேக்கால திரும்பி, நால்ரோடு தாண்டி, இட்டேரி முனையில நில்லுங்க” என்றேன். பிரிவு அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. தேனிக்குப் போனால் க.விலக்கு, பொன்னேரிப் பக்கம் தச்சூர் கூட்ரோடு, நம்ம பக்கம் வீரபாண்டி பிரிவு. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்புகிற இடம்தான் எல்லாம் என்று லாரிக்காரருக்குத் தெரியாதா? புதுக்கோட்டைப் பக்கம் கைகாட்டி என்பார்களாம், அவரே சொன்னார். அவிநாசியில் எங்களுக்கும் கைகாட்டிப்புதூர் இருக்குதுங்க என்றேன். (நீயும் தாம்பரம் போனதிலிருந்து கூட்ரோடு என்கிறாயாமே? சரசு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.)

ஆனால் இட்டேரி என்றதும் மனுஷன் திணறிவிட்டார். “சந்தா, முடுக்கா?” என்கிறார். சந்துக்கும் முடுக்குக்கும் ரெண்டு பக்கமும் சுவர். இட்டேரிக்கு ரெண்டு பக்கமும் உயிர்வேலி, அதற்குள்ளே பிரண்டை, ஓணான், கீரி. ஒரு மாட்டுவண்டி போனால் எதிரே வருகிறவன் வேலியில் வழி விட்ட கடவில் ஒதுங்கி நிற்க வேண்டும். இதைப் போனில் எப்படிச் சொல்வது? பையனை டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் அனுப்பித்தான் கூட்டி வந்தேன்.

அன்றிலிருந்து இதே யோசனை மாப்ளே. விலக்கு, பிரிவு, கூட்ரோடு எதைச் சொன்னாலும் அந்த இடம் அங்கேயே இருக்கும். இட்டேரி அப்படியா? மாடு மேய்கிற கொறங்காடும் கிளுவையும் இருக்கிறவரைக்கும்தான் அது இட்டேரி. இப்போதே கல்லில் ‘இணைப்புச் சாலை’ என்று எழுதி நட்டுவிட்டார்கள்.

ரோடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போன ஐப்பசிச் சேற்றில் அம்மாவைக் கட்டிலோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு பிரிவு வரைக்கும் போனோம். இன்னொரு தடவை அப்படிப் போக எனக்குத் தெம்பில்லை. தார் போடட்டும். மேல்புறத்து வேலியை மட்டும் விட்டுவிடட்டும், அளந்து பார்த்துவிட்டேன், பால் வண்டியும் ஆம்புலன்ஸும் தாராளமாகப் போகும். கீழ்ப்புறம் மழைக்கு முன்னால் நாமே கிளுவைக் கிளையை வெட்டிப் போத்தாக நட்டுவிடலாம்.

மனு எழுதி வைத்திருக்கிறேன். உன் ரெண்டு ஏக்கர் அந்த வேலியை ஒட்டித்தானே கிடக்கிறது, உன் கையெழுத்து கட்டாயம் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர். கொளத்துத்தோட்டத்துக்காரரும் போட வேண்டும், நீ போய்க் கேட்டால்தான் அவர் போடுவார்.

அன்புடன்,
உன் மச்சான்