மனநல மருத்துவர்களுக்கு: 'எவ்வளவு நேரம் நீடிக்கும்' என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய மனநல மருத்துவர்களுக்கு,

வணக்கம். உணர்ச்சிகள் சட்டெனப் பொங்கி, உறவுகளை ஆட்டிப்படைக்கும் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு உள்ள ஒரு பெண்ணின் அக்கா நான். என் தங்கைக்கு முதலில் பைபோலார், அதாவது மனம் நாள்கணக்கில் உச்சத்துக்கும் சோர்வுக்கும் போய்வரும் நோய் என்றுதான் சொன்னார்கள். "மூட் அடிக்கடி மாறுதா?" என்று ஒரு கேள்வி, "ஆமா" என்று ஒரு பதில், உடனே மருந்துச் சீட்டு. இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், பார்டர்லைன் உள்ளவர்களில் கிட்டத்தட்ட 40 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே பைபோலார் என்று தவறாகச் சொல்லப்பட்டிருந்தது.

பைபோலாரில் வரும் உச்ச மனநிலையான மேனியா என்றால் குறைந்தது 7 நாள், அதன் மிதமான வடிவமான ஹைப்போமேனியா என்றால் 4 நாள் நீடிக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் தூங்கினாலும் அசதியே தெரியாது, பேச்சும் திட்டங்களும் நிற்காது. பார்டர்லைனில் மனநிலை பெரும்பாலும் சில மணி நேரத்தில் மாறிவிடும். அதற்கு முன் யாரோ ஒருவர் போனை எடுக்காமல் விட்டிருப்பார், அல்லது ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருப்பார். உங்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் எவ்வளவு நேரம் நீடிக்கும், எதற்குப் பிறகு வரும், அப்போது தூக்கம் எப்படி என்று எங்களிடம் யாருமே கேட்கவில்லை.

"ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடாதா?" என்று இப்போது பல குடும்பங்கள் கேட்கின்றன. நானும் அந்த ஆசையோடுதான் தேடிப் படித்தேன். பல நாடுகளின் எம்ஆர்ஐ பதிவுகளைத் திரட்டிய எனிக்மா கூட்டமைப்பின் 2016 ஆய்வில், பைபோலார் உள்ளவர்களுக்கு நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸும், புலன் செய்திகளைக் கடத்தும் தாலமஸும் சராசரியில் சற்றுச் சிறியதாகவும், மூளைக்குள் இருக்கும் திரவ அறைகள் சற்றுப் பெரியதாகவும் இருந்தன. 2018-ல் வந்த அடுத்த ஆய்வில் மூளையின் மேலடுக்கான புறணியின் பல பகுதிகள் மெலிந்திருந்தன. லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர்களிடம் அந்த மெலிவு குறைவு. பார்டர்லைன் பற்றிய ஆய்வுகள் உணர்ச்சியோடு தொடர்புள்ள பகுதிகளைச் சுற்றியே வருகின்றன: அச்சத்தையும் ஆபத்தையும் மோப்பம் பிடிக்கும் அமிக்டலா, நினைவுக்கான ஹிப்போகாம்பஸ், இவற்றை அடக்கி ஆளும், நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி. 2003-ல் வந்த ஓர் ஆய்வில், முகங்களின் படங்களைப் பார்த்தபோது இவர்களின் அமிக்டலா மற்றவர்களைவிட அதிகமாகக் கிளர்ந்தது. எந்த உணர்ச்சியும் காட்டாத முகம்கூடச் சிலருக்கு மிரட்டுவது போலத் தெரிந்தது.

இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் போனில் ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன், முகத்தில் ஒன்றும் இருக்காது. "என் மேல என்னக்கா கோபம்?" என்பாள். இல்லை என்றால் நம்ப மாட்டாள். பத்து நிமிடத்தில் அழுகை, கதவு சாத்தல், சாயங்காலம் மன்னிப்பு. நடிக்கிறாள், அடம் பிடிக்கிறாள் என்றுதான் எல்லோரும் சொல்லி வந்தோம்.

ஆனால் இதில் எதையும் வைத்து ஒருவரின் ஸ்கேனைப் பார்த்து இது பைபோலார், இது பார்டர்லைன் என்று சொல்லிவிட முடியாது. இவையெல்லாம் பல பேரைச் சேர்த்துப் பார்த்த சராசரிகள். ஒருவரின் உயரத்தை மட்டும் வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லப் பார்ப்பது போலத்தான் அது. ஹிப்போகாம்பஸ் இரண்டு நோயிலும் சிறுத்திருக்கிறது. சிறு வயதில் கொடுமைகளை அனுபவித்தவர்களிடமும் சிறுத்திருக்கிறது. போதாக்குறைக்கு இரண்டு நோயும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. ஆகவே நோய் கண்டறியும் வேலை இன்னும் உங்கள் காதுகளிடம்தான் இருக்கிறது. ஸ்கேன் படத்தைக் காட்டி "இதோ பைபோலார் மூளை" என்று யாராவது விற்க வந்தால், நீங்கள்தான் முதலில் எதிர்த்துப் பேச வேண்டும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு அதிகம் வலிப்பது. பைபோலார் என்றால் 'நோய்', பார்டர்லைன் என்றால் 'குணம்' என்ற எண்ணம் உங்களில் சிலரிடமும் இருக்கிறது. முதலாவதற்குக் கிடைக்கும் பரிவு இரண்டாவதற்குக் கிடைப்பதில்லை. அமிக்டலாவைப் பற்றித் தெரிந்த பிறகும் எப்படி அப்படிப் பேச முடிகிறது?

பெயர் மாறினால் சிகிச்சையே மாறிவிடுகிறது. பைபோலார் உள்ளவருக்கு லித்தியம் உயிர் காக்கும் மருந்து. அவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மேனியா கிளம்பக்கூடும். பார்டர்லைனுக்கு முதல் சிகிச்சை பேச்சு வழிச் சிகிச்சை, குறிப்பாக அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய, உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் டிபிடி. பைபோலாரில் பயன்படும் லாமோட்ரிஜினை 276 பார்டர்லைன் நோயாளிகளிடம் பிரிட்டனில் சோதித்தார்கள். 2018-ல் வந்த முடிவின்படி, வெற்று மாத்திரையைவிட அது எந்த வகையிலும் மேலாக இல்லை. என் தங்கை தேவையில்லாத மாத்திரைகளோடு சில வருடங்கள் ஓட்டினாள். டிபிடி என்ற பெயரையே அதுவரை யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

அதனால் முதல் சந்திப்பிலேயே பெயர் வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் "சந்தேகம் இருக்கு, சில வாரம் பார்ப்போம்" என்று சொல்லுங்கள், நாங்கள் காத்திருப்போம். அந்த வாரங்களில் தூக்கத்தையும் மனநிலையையும் ஒரு நோட்டில் மணிக்கணக்கோடு எழுதிவரச் சொல்லுங்கள். நோயாளி சம்மதித்தால் வீட்டில் ஒருவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். அப்புறம், பார்டர்லைன் என்று சொல்ல நேர்ந்தால், ஆய்வாளர் மேரி ஸனாரினியின் குழு பார்டர்லைன் உள்ளவர்களைப் பத்து வருடம் பின்தொடர்ந்த ஆய்வைப் பற்றியும் அப்போதே சொல்லிவிடுங்கள்: 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் தணிந்து, குறைந்தது இரண்டு வருடமாவது அப்படியே இருந்தன.

அன்புடன்,
ஒரு அக்கா