எத்தனை ஊசி என்பது போதாது, எத்தனை நாயில் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமங்களில் நாய்களுக்கு ரேபிஸ் தடுப்பூசி முகாம் நடந்தால், மறுநாள் செய்தியில் 'இத்தனை நூறு நாய்களுக்கு ஊசி போடப்பட்டது' என்று வருகிறது. அந்த ஊரில் மொத்தம் எத்தனை நாய் என்பது மட்டும் அதில் இருப்பதில்லை. 400 நாய் உள்ள ஊரில் 300 ஊசி போட்டால் நோய் நிற்கும். 900 நாய் உள்ள ஊரில் அதே 300 ஊசியால் வைரஸுக்குப் பெரிய தடை ஒன்றும் இல்லை.

நூற்றுக்கு 70 நாய்களுக்காவது ஊசி விழ வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. ரேபிஸ் அம்மை போல் மளமளவென்று பரவும் நோய் அல்ல. ஒரு வெறிநாயால் சராசரியாக ஒன்றிரண்டு நாய்களுக்குத்தான் தொற்றுகிறது. அதை நிறுத்த 40 விழுக்காடு இருந்தாலே ஏறத்தாழ போதும். பிறகு ஏன் 70? கிராமத்து நாய்க்கு ஆயுள் குறைவு. ஆண்டுக்கு மூன்றில் ஒன்று செத்து, அந்த இடத்தில் குட்டிகள் வரும் ஊர் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய 70, அடுத்த ஆண்டு இதே நாளில் 47 ஆகிவிடும். அந்தத் தேய்மானத்தையும் தாங்கத்தான் 70. ஓர் ஆண்டு முகாமைத் தள்ளிப்போட்டால் முந்தைய ஆண்டின் உழைப்பும் வீணாகிறது.

குட்டிகளை விட்டுவிடுவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு. 'மூன்று மாதம் ஆகவில்லை, அடுத்த முறை பார்க்கலாம்' என்று திருப்பி அனுப்புகிறார்கள். அடுத்த முறை என்பது ஓராண்டு கழித்து. அதற்குள் அதுவே கடிக்கும் வயதுக்கு வந்துவிடும். முகாமில் கைக்கு வரும் எல்லாக் குட்டிக்கும் போட வேண்டும். அதுவும் முழு அளவு, 1 மி.லி. சின்ன உடம்பு என்று பாதி போடக் கூடாது. இந்த மருந்துக்கு எடைக் கணக்கு கிடையாது.

மருந்துப் பெட்டியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும் என்றால், வெயில் படாமல் பார்த்துக்கொள்வதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். உறைந்துபோவதும் அதே அளவு கெடுதல். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே குப்பிகளின் மேல் வைத்தால் ஒட்டியிருக்கும் குப்பி உறைகிறது. அலுமினியம் சேர்ந்த மருந்து திரிந்து வீரியம் போய்விடுகிறது. பேக்கை வெளியே வைத்து, வேர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகே அடுக்க வேண்டும். குப்பிக்கும் பேக்குக்கும் நடுவே ஓர் அட்டை இருக்கட்டும். 10 டோஸ் குப்பியைத் திறந்தால் அன்றே தீர்க்க வேண்டும். எடுக்கும் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும்.

ஊசி போடும் கையிலும் ஒரு பிழை உண்டு. பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்துக் குத்தும்போது, நாய் துள்ளினால் ஊசிமுனை மறுபக்கம் வெளியே வந்துவிடும். மருந்து ரோமத்தில் கொட்டும். பதிவேட்டில் 'போட்டாயிற்று' என்று எழுதப்படும். குத்தி முடித்ததும் விரலால் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். ஈரம் பட்டால் இன்னொரு டோஸ் போடுங்கள்.

நாயை ஒரே இடத்துக்குக் கொண்டுவரச் சொன்னால், கயிறு கட்டி அழைத்துவரக் கூடிய நாய்தான் வரும். முகாம் தூரமாக ஆக, வரும் நாயும் குறையும். பல வீட்டில் சோறு தின்று எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாத நாயும், குட்டி போட்டுப் புதருக்குள் கிடக்கும் தாய் நாயும் வரவே வராது. அவற்றுக்கு வலையோடு தெருத்தெருவாகப் போக வேண்டும். இரண்டு பேர் வலையை அமுக்கிப் பிடிக்க, மூன்றாமவர் கண்ணி வழியே ஊசி போட்டால் அரை நிமிடத்தில் விட்டுவிடலாம். கழுத்தில் சுருக்கு மாட்டி இழுத்தால் அந்தத் தெரு நாய்கள் அடுத்த ஆண்டு வண்டிச் சத்தம் கேட்டதுமே ஓடிவிடும். இந்த வேலை செய்பவர்கள் முன்கூட்டியே தாங்களும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்: முதல் நாள் ஒன்று, அதிலிருந்து ஏழு நாள் கழித்து ஒன்று. அப்படியும் கடி பட்டால் சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

கொன்றுவிட்டால் தீராதா என்று கேட்பவர்களுக்கு: இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில் 1997இல் ரேபிஸ் நுழைந்ததும் நாய்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். நோய் அங்கேயே தங்கிவிட்டது. ஆண்டுதோறும் நாய்களுக்கு ஊசி போட்டுவந்த மெக்சிகோ, நாயால் பரவும் ரேபிஸ் மனித உயிரைப் பறிக்காத நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது.

கடைசியாக, எண்ணிக்கை. ஊசி போட்ட ஒவ்வொரு நாயின் தலையிலும் முதுகிலும் கால்நடைகளுக்குப் பூசும் சாயத்தால் கோடு இழுக்க வேண்டும். சில நாள்தான் நிற்கும், அது போதும். மறுநாள் விடியற்காலையில், நாய்கள் தெருவில் திரியும் நேரத்தில், இரண்டு பேர் நடந்து எண்ணட்டும். 50 நாய் பார்த்து 31இல் சாயம் இருந்தால் 62 விழுக்காடு. சாயம் இல்லாத நாய்கள் எந்தத் தெருவில் நின்றன என்பதையும் குறித்துக்கொண்டு, அன்றே அங்கே திரும்பப் போக வேண்டும். சுற்றுவட்டார ஊர்களின் சராசரியைப் பார்த்துத் திருப்திப்பட முடியாது. 20 விழுக்காட்டில் நிற்கும் ஒரே ஒரு ஊரில் வைரஸ் உயிரோடு இருந்து மற்ற ஊர்களுக்கும் திரும்பும்.

எனவே தங்கள் நிருபர்கள் முகாம் செய்தி எழுதும்போது, 'மறுநாள் பார்த்த நாய் எத்தனை, அதில் சாயம் இருந்தது எத்தனை' என்று கேட்டு, அந்த இரண்டு எண்களையும் ஊர் வாரியாக அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நாய்த் தடுப்பூசிப் பணியில் உள்ள வாசகர்கள்