பிளான் 300, கேபிளில் வருவது 94

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வைஃபை மெதுவாக இருந்தால் லேன் கேபிளைச் சொருகிப் பாருங்கள் என்று தொழில்நுட்பப் பக்கங்களில் அடிக்கடி எழுதுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கேபிள் போட்ட பிறகும் வேகம் வராவிட்டால் எங்கே பார்ப்பது என்று எழுதுபவர்கள் குறைவு. 300 மெகாபிட் பிளான் போட்ட வீட்டில் வைஃபையில் 220 காட்டும். கேபிள் போட்ட கணினியில் 94-ஐத் தாண்டாது. வீட்டுக்காரர் கம்பெனிக்குப் புகார் சொல்வார். "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்று பதில் வரும். அடுத்து புது ரூட்டர் வாங்குவார். அதிலும் 94தான் வரும்.

அந்த 94 தற்செயலாக வருவதில்லை. ஈதர்நெட்டில் (லேன் கேபிள் வழியே தரவு அனுப்பும் முறை) ஒரு முழு பாக்கெட், அதாவது ஒரு தரவுப் பொட்டலம், கம்பியில் 1,538 பைட் இடம் பிடிக்கும். அதில் நமக்கு வந்து சேரும் தரவு அதிகபட்சம் 1,460 பைட். மீதியை முகவரி, பிழைச் சோதனை, பாக்கெட்டுகளுக்கு நடுவே விடும் இடைவெளி ஆகியவை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே 100 மெகாபிட் லிங்க்கில் (கேபிளின் இரு முனைக் கருவிகளும் ஒத்துக்கொண்டு ஓடும் இணைப்பு) 94, 95-க்கு மேல் யார் வந்தாலும் எடுக்க முடியாது. ஜிகாபிட், அதாவது 1000 மெகாபிட் லிங்க்கில் அதே கணக்குப்படி 940 வரும். ஸ்பீடு டெஸ்ட்டில் எப்போது பார்த்தாலும் 94-லேயே நின்றால், வீட்டுக்குள் ஏதோ ஓர் இடத்தில் லிங்க் 100-க்கு இறங்கியிருக்கிறது என்று பொருள். வெளியே நெரிசல் என்றால் வேகம் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று ஏறி இறங்கும். இப்படி அசையாமல் நிற்காது.

எந்த இடம் என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போனால் 'லிங்க் ஸ்பீடு' என்ற வரி இருக்கும். அதில் 1000/1000 இருக்க வேண்டும். 100/100 என்றால் கோளாறு கணினிக்கும் ரூட்டருக்கும் நடுவில். 1000 என்று காட்டியும் ஸ்பீடு டெஸ்ட்டில் 94தான் என்றால், ரூட்டரையும் ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டியையும் இணைக்கும் கேபிளைப் பாருங்கள். அந்தக் கேபிள் 100-ல் ஓடினால் வைஃபையும் 94-க்கு மேல் போகாது. எனவே மேலே சொன்ன 220 வரும் வீட்டில் அந்தக் கேபிளைச் சந்தேகப்படவே வேண்டாம். போர்ட்டில் எரியும் விளக்கின் நிறத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு நிறம் வைக்கிறது.

பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. 100 மெகாபிட் ஓட 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்கள் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரே ஒரு கம்பி அறுந்தாலும், கிரிம்ப் செய்யும்போது (கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும்போது) பின் சரியாகக் கடிக்காவிட்டாலும், இரு முனையும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் வந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் கேபிள் மேல் சந்தேகம் வராது. இன்னொரு பழக்கமும் உண்டு: ஒரே கேபிளில் நான்கு கம்பியை ஓர் அறைக்கும் மீதி நான்கை அடுத்த அறைக்கோ கேமராவுக்கோ பிரித்துக் கொடுப்பது. 20 மெகாபிட் பிளான் இருந்த காலத்தில் அது சிக்கனம். இன்றைக்கு அந்த வீட்டில் எந்தப் பிளான் போட்டாலும் 94தான்.

கிரிம்ப் செய்பவர்கள் வரிசையைக் கவனிக்க வேண்டும். பிளக்கின் கொக்கி கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி பிரிந்து 3, 6-க்குப் போவதுதான் இதன் சூட்சுமம். 'ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தால் போதும்' என்று ஜோடி ஜோடியாக வரிசையில் சொருகிவிட்டால், டெஸ்டரில் எட்டு விளக்கும் அழகாக எரியும். ஆனால் 3, 6 பின்களில் வெவ்வேறு ஜோடியின் கம்பிகள் போய், ஒன்றின் சிக்னல் மற்றதில் கலக்கும். அந்தச் சின்ன டெஸ்டர் கம்பி தொடர்கிறதா என்று மட்டுமே சொல்லும், இந்தக் கலப்பைக் காட்டாது. ஜோடிக் கம்பிகளின் முறுக்கைப் பிளக்கின் வாயருகே 13 மி.மீ.க்கு மேல் அவிழ்க்கவும் கூடாது. மேலுறை பிளக்குக்குள் நுழைந்து கவ்வப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இழுபடும் ஒவ்வொரு முறையும் பாரம் பின்களில் விழும்.

மலிவு விலையில் 'கேட் 6' என்று (கேட் என்பது கேபிளின் தர வகை) அச்சடித்து வரும் பல கேபிள்களில் உள்ளே இருப்பது செம்பு முலாம் பூசிய அலுமினியம். பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். மடக்கினால் சீக்கிரம் ஒடியும், தடையும் கூடுதல். 100 மீட்டர் வரை ஜிகாபிட்டுக்கு நல்ல செம்பில் செய்த கேட் 5இ தாராளம். அதைவிட்டு மேலே கேட் 7, கேட் 8 என்று போட்டிருக்கும் தட்டைக் கேபிளுக்குப் பணம் கொடுப்பது வீடுகளுக்குத் தேவையற்ற செலவு.

கேபிள் நல்லதாக இருந்தால் அடுத்து போர்ட். ரூட்டர் பெட்டியில் பெரிதாக 'ஏசி1200' என்று இருக்கும். அது வைஃபையின் இரண்டு அலைவரிசைகளையும் கூட்டிச் சொல்லும் ஏட்டுக் கணக்கு. அதே ஏசி1200 வகையில் டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50-ன் போர்ட்டுகள் அத்தனையும் 100 மெகாபிட். ஆர்ச்சர் சி6-ல் ஜிகாபிட். வித்தியாசம் பெட்டியின் பின்பக்கப் பொடி எழுத்தில்தான் இருக்கும். ஓஎன்டி பெட்டிகள் சிலவற்றில் ஒரு போர்ட் மட்டுமே ஜிகாபிட், மற்றவை 100. மாற்றிச் சொருகினாலே வேலை முடிந்துவிடும். நடுவில் பழைய ஐந்து போர்ட் ஸ்விட்ச் (ஒரு லேன் இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மழைக்காலத்தில் இடி இறங்கிய பிறகு ஒரு போர்ட் மட்டும் 100-க்கோ 10-க்கோ இறங்கியிருந்தால், அது உள்ளே அடிபட்டிருக்கலாம். டிவியை மட்டும் விட்டுவிடலாம்: பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகளின் லேன் போர்ட்டே 100தான், 4கே படத்துக்கு அது போதும்.

எண் 94 ஆக இல்லாமல் 48, 190 என்று வேறு எங்கோ முட்டி நின்றால் ரூட்டரில் க்யூஓஎஸ் அல்லது பேண்ட்வித் கன்ட்ரோலை (யாருக்கு எவ்வளவு வேகம் என்று பங்கிடும் வசதி) திறந்து பாருங்கள். பழைய 50 மெகாபிட் பிளானுக்காக யாரோ போட்ட வரம்பு அப்படியே கிடக்கும். வரம்பே போடாவிட்டாலும், அந்த வசதியை ஆன் செய்தால் சில ரூட்டர்களில் தரவை வேகமாகக் கடத்தும் சிப் ஒதுங்கி, எல்லா வேலையும் பிராசஸர் தலையில் விழும். கணினியின் அடாப்டரில் 'ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ்' ஆட்டோ நெகோஷியேஷனில் (இரு முனையும் தாமே பேசி வேகத்தை முடிவு செய்யும் முறை) இருக்கட்டும். ஒரு முனையில் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடிவது) என்று கட்டாயப்படுத்தினால் மறுமுனை ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்) போய்விடும். அப்போது பிங் (சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) நன்றாகவே வரும், பெரிய ஃபைல் மட்டும் நகராது.

கணினியை நேரே ஓஎன்டியில் சொருகி, லிங்க் 1000 காட்டியும் வேகம் குறைவாகவே இருந்தால்தான் கம்பெனியைக் கூப்பிட வேண்டும். வருபவரிடம் ஓஎன்டிக்கு வரும் ஒளியின் அளவைக் கேளுங்கள். அது மைனஸ் 27 டிபிஎம்மை (ஒளியின் பலத்தைச் சொல்லும் அலகு) நெருங்கியிருந்தால் ஃபைபர் எங்கோ மடங்கியிருக்கலாம், அல்லது முனை சாய்வான பச்சை ஃபைபர் பிளக்கை, நேரான முனைக்கான நீல இணைப்பில் சொருகியிருக்கலாம்.

ரூட்டர் விற்பவர்கள் போர்ட்டின் வேகத்தைப் பெட்டியின் முன்பக்கத்தில் அச்சிட வேண்டும். இணைப்புக் கொடுக்க வருபவர்கள் ஓஎன்டி போர்ட்டில் லிங்க் எவ்வளவு என்பதை வேலைச் சீட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். புது வீடு கட்டுபவர்கள், சுவருக்குள் குழாயில் இழுத்த ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் எட்டுக் கம்பியையும் முடித்து, ஒரு லேப்டாப்பைச் சொருகி 1000/1000 காட்டிய பிறகே எலக்ட்ரீஷியனுக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்புத் தொழிலில் உள்ள வாசகர்,
ஈரோடு