அப்பாவின் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டேன்

அன்புத் தம்பிக்கு,

ஸ்டேஷனில் கொடுத்த ரசீதைப் படம் எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. அப்புறம் குடும்ப குரூப்பில் எல்லோரும் பார்க்கிற மாதிரி போட்டாய்: "அப்பா அதை வைத்து ஒரு மனுஷனையும் சுட்டதில்லை." சித்தப்பா பையன்கள் வரிசையாகக் கட்டைவிரல் போட்டார்கள். அங்கே பதில் சொன்னால் சண்டையாகிவிடும். இங்கே எழுதினால் மட்டும் ஆகாதா என்பாய். ஆகும். ஆனால் இங்கே பாதியில் மறிக்க ஆள் இல்லை. சித்தப்பா வீட்டாரும் படிப்பார்கள், சபையிலும் நாலு பேர் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அதனால் சில பெயர்களை விட்டிருக்கிறேன். நீயே போட்டுப் படித்துக்கொள்.

உன்னைக் கேட்காமல் செய்ததற்கு மன்னித்துக்கொள். ஆனால் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "கிறிஸ்மஸுக்கு வரேன், அப்போ பேசிக்கலாம்" என்பாய். வரமாட்டாய். அது பீரோவிலேயே கிடக்கும். அப்பா போய் இந்த மாதத்தோடு வருஷம் திரும்புகிறது. லைசென்ஸ் அவர் பேரில், ஆள் கல்லறையில். வாரிசு தன் பேருக்கு லைசென்ஸ் கேட்கலாம், லைசென்ஸ் உள்ளவருக்கு விற்கலாம், இரண்டும் இல்லாமல் கெடு முடிந்தால் அரசாங்கத்துக்குப் போய்விடும். நான் கெடுவை ஓட விடப்போகிறேன். உனக்கு வேண்டுமென்றால் மனு போடு. என் சம்மதக் கையெழுத்து கிடைக்காது.

நான் நிஜமாகவே ஆசைப்பட்டது வேறு. "தங்கள் பட்டயங்களை மண்வெட்டிகளாகவும், தங்கள் ஈட்டிகளை அரிவாள்களாகவும் அடிப்பார்கள்" என்று ஏசாயாவில் வருகிறதே, அதை அப்படியே செய்துவிட வேண்டும் என்று. நீ இருக்கிற அமெரிக்காவில் செய்கிறார்கள். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்தில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்ற பிறகு, கொலராடோவில், ஆயுதம் எடுக்காத மென்னோனைட் சபைக்காரர் ஒருவர் ரா டூல்ஸ் என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார். ஜனங்கள் கொண்டுவந்து கொடுக்கும் துப்பாக்கிகளின் குழலைக் காய்ச்சி அடித்து மண்வெட்டியும் களைக்கொத்தும் செய்கிறார்கள். இங்கே நம் ஊர் ஆசாரி ரெட்டைக்குழலை அறுத்தால் அவர்தான் உள்ளே போவார்.

சரி, நீ போட்டதற்கு வருகிறேன். சுட்டதில்லை, உண்மை. ஆனால் அது எங்கே தொங்கியது? கூடத்தில், அப்பா நாற்காலிக்கு நேர் மேலே. அறுப்புக் கூலி பேச வருகிறவர்கள் முற்றத்தில் நின்று அப்பா முகத்தைப் பார்த்தால் அதுவும் சேர்ந்துதான் கண்ணில் படும். அப்பா யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எவ்வளவு தன்மையான மனுஷர் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். குரல் உயர்த்த அவருக்கு அவசியமே வரவில்லை, தம்பி. தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் கொண்டுபோய் வைக்க வேண்டும் அல்லவா, அப்போது சுவரில் இரண்டு ஆணிகள் மட்டும் மிச்சம் இருக்கும். அம்மா ஒன்றில் வசனக் காலண்டரை மாட்டிவிடுவாள். அந்த நாட்களில் கூலி பேச வந்தவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பேசினார்கள். எனக்கு அப்படித்தான் தோன்றியது. நீ இல்லை என்றால் இல்லை.

கீழ்வெண்மணி நமக்கு எவ்வளவு தூரம்? 1968 டிசம்பர் 25 ராத்திரி துப்பாக்கியோடு வந்தவர்கள் சுட்டதில்தான் ஜனங்கள் ஓடிப்போய் ஒரே குடிசைக்குள் அடைந்தார்கள். அதைக் கொளுத்தினார்கள். 44 பேர், முக்கால்வாசி பெண்களும் குழந்தைகளும். கேட்டது கூலியில் கொஞ்சம் கூடுதல் நெல். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் மிராசுதார்கள் விடுதலையானார்கள். நம்மவர்கள் வீடுகளில் கிறிஸ்மஸ் பலகாரம் தின்றுகொண்டிருந்த ராத்திரி. வருஷா வருஷம் பண்டிகை ராத்திரி குடும்ப ஜெபத்தில் அம்மா அந்த ஊர்ப் பெயரைச் சொல்வாள். அந்த இடத்தில் மட்டும் அப்பா ஆமென் சொல்லாமல் தொண்டையைச் செருமுவார். நினைவிருக்கிறதா?

மேட்டூர் சரியாகத் திறக்காத அந்த வருஷத்து முறைத்தண்ணீர்ச் சண்டையை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மடையை வெட்டிவிட்டார்கள் என்று ஆள் ஓடிவந்ததும், அப்பா நாற்காலி மேல் ஏறித் துப்பாக்கியை இறக்கியதும் நீ பார்த்தாய். அதற்குப் பிறகு உன்னைப் பாட்டி உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டாள். நடந்தது எனக்குத்தான் தெரியும். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

அம்மா கொல்லை வழியாக வெளியே போனாள். நான் அரிக்கேன் விளக்கோடு பின்னால் ஓடினேன். வயலுக்குப் போகிறாள் என்று நினைத்தேன். போகவில்லை. வாய்க்கால் மதகைத் தாண்டி அந்தப் பக்கத் தெருவுக்குள் போனாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் கால் வைக்காதவள். மடையை வெட்டியதாகச் சொன்னவர் வீடு எது என்று கேட்டு, அந்தச் சாணி மெழுகின ஒட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தாள். அந்த அம்மா பதறிப்போய், "இங்கெல்லாம் உக்காராதீங்க தாயி" என்று முந்தானையால் திண்ணையைத் துடைக்கப் பார்த்தது. நம் அம்மா கேட்டாள்: "குடிக்கத் தண்ணி குடு."

அந்த அம்மா என்னைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. இருப்பதில் நல்லதாக ஒன்றைத் தேடியிருக்கும் போல. கடைசியில் ஓரம் நசுங்கிய எவர்சில்வர் சொம்பு வந்தது. அம்மா அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை, வாய் வைத்துக் குடித்தாள். குடித்து முடிப்பதற்குள் டார்ச் வெளிச்சம் தெருவுக்குள் வந்துவிட்டது. முன்னால் அப்பா, பின்னால் இரண்டு ஆட்கள். வெளிச்சம் அம்மா முகத்தில் விழுந்தது. "தண்ணி கேட்டேன், குடுத்தாங்க. நீங்களும் குடிக்கிறீங்களா?" என்றாள்.

அப்பா குடிக்கவில்லை. திரும்பி நின்றுகொண்டு துப்பாக்கியை மடக்கிச் சிவப்புத் தோட்டா இரண்டையும் உருவினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி கையிலேயே வைத்திருந்தார். அம்மா எழுந்துபோய் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வீடு வந்து சேரும் வரை ஒருவரும் பேசவில்லை.

உருகிவிடாதே. மறுநாள் மடை நம் பக்கம்தான் திறந்தது. அவர்கள் பயிர் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும், நீயும் விசாரித்தால் சொல்வார்கள். அடுத்த ஞாயிறு கோயிலில் அம்மா வழக்கம்போல முன்னால், அந்த அம்மா வழக்கம்போல பின்னால். சபையைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுதவில்லை. எழுதினால் யார் யாரிடமிருந்து போன் வரும் என்று தெரியும். அன்று ரத்தம் சிந்தாமல் தடுத்தாள், அது பெரிய காரியம். ஆனால் சமாதானம் ஆன பிறகும் தண்ணீர் துப்பாக்கி வைத்திருந்தவர் வயலுக்கே பாய்ந்தது. அந்த நெல்லில்தான் நீயும் நானும் படித்தோம். நீ அதில் விமானம் ஏறினாய். நான் இங்கேயே இருந்து இரண்டு பேரையும் குளிப்பாட்டி, சோறூட்டி, அனுப்பிவைத்தேன். சுவரில் என்ன தொங்கலாம் என்று முடிவு செய்கிற உரிமை எனக்கு அதில் வந்ததாக வைத்துக்கொள்.

இப்போது உன் பக்கத்துக்கு வருகிறேன். போனில் நீ சொல்வது எனக்கு மனப்பாடம். 2019 டிசம்பர் 29, டெக்சாஸ், வொயிட் செட்டில்மென்ட். திருவிருந்து நேரத்தில் ஒருவன் எழுந்து சுட்டான், இரண்டு பேர் விழுந்தார்கள். சபைக் காவல் குழுவில் இருந்தவர் ஆறு வினாடிக்குள் அவனைச் சுட்டு வீழ்த்தினார். "அவர்கிட்ட துப்பாக்கி இல்லாட்டி எத்தனை பேர் செத்திருப்பாங்க அக்கா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. 2017 நவம்பரில் அதே டெக்சாஸில் சதர்லாந்து ஸ்பிரிங்ஸ் சபையில் 26 உயிர் போனது. ஞாயிறு காலையில் நீ இடுப்பில் பிஸ்டலோடு கோயில் வாசலில் நிற்பது யாரையாவது காப்பாற்றவும் செய்யலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை நீ விசுவாசம் என்கிறாயே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பேதுருவும் காவலுக்குத்தான் பட்டயத்தை உருவினான், அதுவும் யாருக்காக! "உன் பட்டயத்தைத் திரும்ப அதின் உறையிலே போடு" என்று இயேசு அவனுக்குத்தான் சொன்னார். பயமாக இருக்கிறது என்று சொல், நான் ஏற்றுக்கொள்கிறேன். அவ்வளவு தூரத்தில், அவ்வளவு துப்பாக்கிகளுக்கு நடுவில் பிள்ளைகளை வளர்க்கிறவனுக்குப் பயம் இருக்காதா. பயத்துக்கு வசனத்தைப் போர்த்தாதே.

சார்ல்ஸ்டன் ஊர்ச் சபையில் நடந்ததை நீயும் பேசுவாய், உங்கள் போதகரும் பேசுவார். 2015 ஜூனில் வேதபாடத்துக்கு வந்தவனை உட்காரவைத்தார்கள். அவன் ஒன்பது பேரைக் கொன்றான். இரண்டே நாளில் கோர்ட்டில் செத்தவர்களின் சொந்தக்காரர்கள் அவனை மன்னிப்பதாகச் சொன்னார்கள். உலகமே அந்த மன்னிப்பைப் பேசியது. அவன் கைக்குத் துப்பாக்கி வந்த கதையை அந்த அளவுக்குப் பேசவில்லை. பின்னணி விசாரணை மூன்று வேலை நாளில் முடியாவிட்டால் கடைக்காரர் விற்கலாம் என்று அங்கே சட்டம். முடியவில்லை, விற்றுவிட்டார்கள். மன்னிப்பது அந்தக் குடும்பங்களின் பெரிய மனசு. அந்தச் சட்டத்து ஓட்டையை அடைக்கச் சொல்லிக் கேட்பது மிச்சமுள்ள விசுவாசிகளின் வேலை இல்லையா? உங்கள் சபை எதற்கெல்லாமோ கையெழுத்து வாங்குகிறது.

சமாதானம் பேசினவர்கள் என்ன சாதித்தார்கள் என்று கேட்பாய். சின்ன வயதில் தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா பக்கத்துக் கோயிலில் அப்பா நம்மைத் தூக்கிக் காட்டிய பளிங்குச் சிற்பம் ஞாபகம் இருக்கும், சாகக் கிடக்கிற ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பக்கத்தில் சரபோஜி ராஜா. 1779-ல் கம்பெனி அவரைச் சமாதானம் பேச ஹைதர் அலியிடம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது. காரியம் பலிக்கவில்லை, அடுத்த வருஷமே ஹைதர் படை இறங்கியது. அவர் கம்பெனிப் பட்டாளத்துக்குப் போதகராக இருந்து சம்பளம் வாங்கினவர் என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனால் அந்த யுத்தப் பஞ்சத்தில், அரண்மனையையும் கம்பெனியையும் நம்பி நெல் கொடுக்க மாட்டோம் என்றிருந்த நம் பக்கத்துக் குடியானவர்கள், பணத்துக்கு நான் பொறுப்பு என்று அவர் சொன்னதை நம்பிக் கோட்டைக்கு நெல் கொண்டுவந்தார்கள். அவரும் பணத்தைக் கொடுத்துத் தீர்த்தார். படை வைத்திருந்த இரண்டு பேருக்கும் வராத நெல். அம்மா அன்று பாதியில் விட்டது இதைத்தான் என்று எனக்குத் தோன்றும். நம்பினவர்களுக்குக் கணக்குத் தீர்ப்பது.

இனி எழுதுவதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். கொஞ்ச நாள் முன்னால் வீடியோ காலில் உன் வீட்டில் ஒருவரோடு தனியாகப் பேசினேன். யார், என்ன என்பது இங்கே வேண்டாம். அந்தக் குரல் சரியில்லை, தம்பி. நான் இத்தனை வருஷம் வகுப்பெடுத்தவள், எனக்குத் தெரியும். உன்னிடம் சொன்னதற்கு "அந்த வயசுல அப்படித்தான்" என்றாய்.

அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தங்களைத் தாங்களே சுட்டுக்கொள்கிறவர்கள். 2020-ல் அங்கே பிள்ளைகள், பதின்வயதினர் சாவுக்கு முதல் காரணமாகத் துப்பாக்கி கார் விபத்தையும் முந்திவிட்டது. தன்னைச் சுட்டுக்கொள்கிற பிள்ளைக்கு அது பெரும்பாலும் சொந்த வீட்டில்தான் கிடைக்கிறது, திருடனுக்காகக் கட்டில் பக்கத்தில் வைத்தது. உன் கட்டில் பக்கத்து இழுப்பறைக்குப் பூட்டு இல்லை. போன தடவை வந்தபோது நானே திறந்து பார்த்தேன். தலைவலி மாத்திரை தேடித் திறந்தேன் என்று அப்போது சொன்னது பொய்.

உன் காவல் பணியைப் பற்றி நாம் சாகிற வரை சண்டை போடலாம். இது அந்தச் சண்டை இல்லை. இன்றைக்கே அதை வீட்டிலிருந்து எடுத்துவிடு. காவல் குழுத் தலைவர் வீட்டில் கொடுத்து வை, கடையில் வை, எங்கேயாவது வை. அதுவரைக்கும் இரும்புப் பெட்டியில் பூட்டு, குண்டுகளைத் தனியாகப் பூட்டு, சாவி உன் உடம்பிலேயே இருக்கட்டும். அப்புறம் போய் அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார். புத்தி சொல்லாதே. ஜெபம் பண்ணட்டுமா என்றுகூட முதலில் கேட்காதே.

நாளைக்கு உனக்கு விடிந்ததும் கூப்பிடுவேன். நினைவு நாள் ஆராதனைக்கு நீ வராததைப் பற்றி அப்போது பேசமாட்டேன், பெட்டி வாங்கினாயா என்றுதான் கேட்பேன்.

அக்கா